பகுதி பூச்சியமாகும் இடங்கள்: விகிதமுறு சார்புகளின் தொடர்ச்சியின்மையைக் காணும் முறை

அளக்கக்கூடிய சில அளவுகளைக் கொண்டு, நேரே அளக்க இயலாத ஓர் அளவைக் கணித்தறிவது களப்பணியின் பெரும்பகுதியாகும். மலையின் உயரம், ஆற்றின் அகலம், லென்ஸ் உண்டாக்கும் பிம்பத்தின் தூரம் போன்றவை இவ்வாறே பெறப்படுகின்றன. இவற்றுக்கான வாய்பாடுகளுள் பல, ஒரு கோவையை மற்றொரு கோவையால் வகுக்கும் வடிவில் அமைந்தவை. வகுக்கும் கோவை பூச்சியமாகாதவரை வாய்பாடு ஒழுங்காகப் பயன் தரும். அது பூச்சியமாகும் இடத்தில் வாய்பாடு விடை தருவதில்லை. அவ்விடத்திற்கு அருகில் அது தரும் விடையும் எப்போதும் நம்பத்தக்கதன்று.

ஆகவே, இத்தகைய இடங்கள் எவை, அவை எத்தன்மையன என்பதை முன்னரே கண்டறிதல் கணித மாணவருக்கு மட்டுமன்றி, தியோடலைட் கருவியுடன் வெளியே செல்லும் ஊழியருக்கும் இன்றியமையாதது. அதற்குரிய முறையும், அம்முறை களத்திலும் வகுப்பறையிலும் பயன்படும் விதமும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சொற்களின் பொருள்

ஒரு பல்லுறுப்புக் கோவையை மற்றொரு பல்லுறுப்புக் கோவையால் வகுக்கக் கிடைக்கும் சார்பு விகிதமுறு சார்பு எனப்படும். மேலே உள்ள கோவை தொகுதி. கீழே உள்ள கோவை பகுதி. மாறும் அளவை ‘ய’ என்றும், சார்பின் மதிப்பை ‘ர’ என்றும் குறித்தால்,

ர = (ய² − ய − 6) / (ய² − 9)

என்பது ஒரு விகிதமுறு சார்பு.

ஒரு சார்பு ஓரிடத்தில் தொடர்ச்சியுடையது என்று கூற மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, அவ்விடத்தில் சார்புக்கு ஒரு மதிப்பு இருத்தல் வேண்டும். இரண்டாவது, இடப்புறத்திலிருந்தும் வலப்புறத்திலிருந்தும் அவ்விடத்தை அணுகும்போது சார்பின் மதிப்பு ஒரே எல்லையை அணுகுதல் வேண்டும். மூன்றாவது, அந்த எல்லையும் அவ்விடத்து மதிப்பும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் அங்குத் தொடர்ச்சியின்மை உண்டு. தொடர்ச்சி என்ற கருத்தை எல்லையின் துணைகொண்டு தெளிவாக வரையறுத்த பெருமை, 1817-இல் எழுதிய போல்சானோவையும் 1821-இல் எழுதிய கோஷியையும் சாரும்.

பல்லுறுப்புக் கோவைகள் எங்கும் தொடர்ச்சியுடையவை. தொடர்ச்சியுடைய ஒன்றைத் தொடர்ச்சியுடைய மற்றொன்றால் வகுத்தால், பகுதி பூச்சியமாகாத இடமெங்கும் ஈவும் தொடர்ச்சியுடையதாகவே இருக்கும். எனவே விகிதமுறு சார்பில் தொடர்ச்சியின்மையைத் தேடவேண்டிய இடங்கள் பகுதி பூச்சியமாகும் இடங்கள் மட்டுமே. தேடுதலின் எல்லை இவ்வாறு சுருங்கிவிடுவது இச்சார்புகளின் பெரிய வசதியாகும்.

இங்கு ஆசிரியர்களிடையே ஓர் ஐயம் எழுவதுண்டு. மதிப்பே இல்லாத இடத்தில் ஒரு சார்பைத் ‘தொடர்ச்சியற்றது’ என்று கூறலாமா என்பதே அது. சில நூல்கள், சார்பு வரையறுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இவ்வினாவை எழுப்பவேண்டும் என்று கொள்கின்றன. அக்கொள்கைப்படி விகிதமுறு சார்பு தன் அரங்கம் முழுவதும் தொடர்ச்சியுடையதே. பள்ளி நூல்கள் பலவும் பயன்முறைக் கணித நூல்களும், மதிப்பில்லாத அவ்விடங்களையே தொடர்ச்சியின்மைப் புள்ளிகள் என வழங்குகின்றன. இக்கட்டுரை பின்னைய வழக்கைப் பின்பற்றுகிறது. சொல் வழக்கு எதுவாயினும் கண்டறியவேண்டிய இடங்கள் அவையே.

பூச்சியத்தால் வகுத்தல்: பண்டை இந்தியக் கணிதர்கள்

பூச்சியத்தால் வகுத்தால் என்ன கிடைக்கும் என்ற வினா இந்நாட்டிற்குப் புதிதன்று. 628-ஆம் ஆண்டில் பிரம்மஸ்புட சித்தாந்தத்தை இயற்றிய பிரம்மகுப்தர், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியமே என்று கொண்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் கணிதசார சங்கிரகம் எழுதிய மகாவீரர், பூச்சியத்தால் வகுக்கப்படும் எண் மாறாது நிற்கும் என்றார். இவ்விரு கூற்றுகளும் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும், வினாவை ஒதுக்கிவிடாமல் நேர்கொண்டு எதிர்நின்றமை அவர்களது சிறப்பு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியர் இதனை இரண்டு வகையாகப் பிரித்து நோக்கினார். பூச்சியமல்லாத எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் வருவதை ‘கஹரம்’ என்று பெயரிட்டு, அதனை எல்லையற்ற அளவாகக் கருதினார். ஆனால் பூச்சியம் ஒரே கணக்கில் பெருக்கும் எண்ணாகவும் வகுக்கும் எண்ணாகவும் வருமாயின், எண் மாறாது நிற்பதாகக் கொள்ளவேண்டும் என்றார். 1150-இல் இயற்றப்பட்ட அவரது லீலாவதியில் இதற்கு ஒரு கணக்கும் உண்டு. அதில் ஓர் எண் பூச்சியத்தால் பெருக்கப்பட்டு, பின்னர் ஒன்றரை மடங்காகவும் அதன்மேல் மும்மடங்காகவும் ஆக்கப்பட்டு, முடிவில் பூச்சியத்தாலேயே வகுக்கப்படுகிறது, பயன் 63. பெருக்கிய பூச்சியமும் வகுத்த பூச்சியமும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதாகக் கொண்டு, 63-ஐ மூன்றாலும் ஒன்றரையாலும் வகுத்து, அவ்வெண் 14 எனக் காணப்படுகிறது.

எல்லை என்ற கருத்து உருவாகாத காலத்தில் செய்யப்பட்ட இப்பிரிவினை, இன்றைய பிரிவினைக்கு மிக அருகில் நிற்கிறது. பகுதி மட்டும் பூச்சியமாவது ஒருவகை. பகுதியும் தொகுதியும் ஒருங்கே பூச்சியமாவது மற்றொரு வகை.

இருவகைத் தொடர்ச்சியின்மை

பகுதி பூச்சியமாகும் ஓரிடத்தில் தொகுதி பூச்சியமாகாவிடின், அவ்விடத்தை அணுகுந்தோறும் சார்பின் அளவு வரம்பின்றிப் பெருகும். வளைவரை செங்குத்தான ஒரு கோட்டை ஒட்டி மேலேயோ கீழேயோ ஓடும். இது முடிவிலித் தொடர்ச்சியின்மை எனப்படும். எந்த மதிப்பை அங்கு இட்டு நிரப்பினாலும் இம்முறிவு நீங்காது.

பகுதியும் தொகுதியும் ஒருங்கே பூச்சியமானால், இரண்டிற்கும் பொதுவான காரணி ஒன்று உண்டு என்பது தெளிவு. அப்பொதுக் காரணியை நீக்கியபின் பகுதி அவ்விடத்தில் பூச்சியமாகாவிடின், சார்பு ஒரு திட்டமான எல்லையை அணுகும். வளைவரையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் விடுபட்டிருக்கும். அப்புள்ளியில் எல்லையின் மதிப்பை இட்டு நிரப்பினால் தொடர்ச்சி கிடைத்துவிடும். ஆதலின் இது நீக்கத்தக்க தொடர்ச்சியின்மை எனப்படும்.

பொதுக் காரணியை நீக்கியபின்னும் பகுதி அதே இடத்தில் பூச்சியமாவதுண்டு. (ய − 2) / (ய − 2)² என்பதில் ஒரு காரணி நீங்கியபின் 1 / (ய − 2) எஞ்சுகிறது. ஆகவே ய = 2 என்னுமிடத்தில் இருப்பது முடிவிலித் தொடர்ச்சியின்மையே. ‘மேலும் கீழும் பூச்சியமானால் நீக்கத்தக்கது’ என்று மாணவர் மனப்பாடம் செய்துகொள்வது இதனாலேயே தவறாக முடிகிறது. தொகுதியில் அக்காரணி எத்தனை முறை வருகிறது, பகுதியில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொகுதியில் உள்ள எண்ணிக்கை பகுதியில் உள்ளதற்குக் குறையாதிருந்தால் மட்டுமே அது நீக்கத்தக்கது.

ஒரு மதிப்பிலிருந்து வேறொரு மதிப்பிற்குத் திடீரெனத் தாவும் மூன்றாம் வகைத் தொடர்ச்சியின்மையும் கணிதத்தில் உண்டு. அஞ்சல் கட்டணம் எடைக்கேற்பப் படிப்படியாக உயர்வது அதற்கு எடுத்துக்காட்டு. விகிதமுறு சார்புகளில் அது நேர்வதில்லை. பொதுக் காரணிகள் நீங்கியபின், ஒவ்வோரிடத்திலும் பகுதி பூச்சியமாகும் அல்லது ஆகாது. ஆகாவிடின் தொடர்ச்சி உண்டு. ஆனால் சார்பு வரம்பின்றிப் பெருகும். இடைப்பட்ட நிலை இல்லை.

கண்டறியும் முறை

1. தொகுதி, பகுதி இரண்டையும் காரணிப்படுத்துக. எந்தக் காரணியையும் இன்னும் நீக்கலாகாது.

2. பகுதியைப் பூச்சியத்திற்குச் சமமாக்கி, அதன் மெய்யெண் மூலங்கள் அனைத்தையும் பட்டியலிடுக. தொடர்ச்சியின்மைப் புள்ளிகளின் முழுப் பட்டியல் இதுவே.

3. பொதுக் காரணிகளை நீக்கிச் சுருக்குக.

4. பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் சுருக்கிய பகுதியில் இடுக. பகுதி பூச்சியமானால் முடிவிலித் தொடர்ச்சியின்மை; பூச்சியமாகாவிடின் நீக்கத்தக்கது.

5. நீக்கத்தக்கதாயின், சுருக்கிய கோவையில் அவ்வெண்ணை இட்டு எல்லையைக் காண்க. முடிவிலியாயின், அவ்விடத்தின் இருபுறமும் சார்பின் குறி நேரா எதிரா எனக் காண்க.

இரண்டாம் படி மூன்றாம் படிக்கு முன்னர் வருவது தற்செயலன்று. முதலில் சுருக்கிவிட்டுப் பின்னர் மூலங்களைத் தேடினால், நீக்கத்தக்க புள்ளிகள் பட்டியலில் இடம்பெறாமலே போய்விடும். மாணவர் விடைத்தாள்களில் பெரிதும் காணப்படும் பிழை இதுவே.

எடுத்துக்காட்டு 1

மேலே குறித்த சார்பை எடுத்துக்கொள்க.

ர = (ய² − ய − 6) / (ய² − 9) = (ய − 3)(ய + 2) / (ய − 3)(ய + 3)

பகுதி பூச்சியமாகும் இடங்கள் ய = 3, ய = −3. பொதுக் காரணியாகிய (ய − 3) நீங்கியபின் (ய + 2) / (ய + 3) எஞ்சும். ய = 3 எனில் இதன் மதிப்பு 5/6; ஆகவே அங்குள்ளது நீக்கத்தக்கது. ய = −3 எனில் பகுதி பூச்சியம், தொகுதி −1; ஆகவே அங்குள்ளது முடிவிலித் தொடர்ச்சியின்மை.

கீழ்க்காணும் மதிப்புகள் இரண்டின் வேறுபாட்டையும் நன்கு காட்டும்.

ய = 2.9 எனில் ர = 0.8305
ய = 2.99 எனில் ர = 0.8331
ய = 3.01 எனில் ர = 0.8336
ய = 3.1 எனில் ர = 0.8361

ய = −3.1 எனில் ர = 11
ய = −3.01 எனில் ர = 101
ய = −2.99 எனில் ர = −99
ய = −2.9 எனில் ர = −9

முதல் நான்கு மதிப்புகளும் 0.8333… என்னும் எண்ணை இருபுறமிருந்தும் நெருங்குகின்றன. பின்னைய நான்கும் ஒருபுறம் மேலே ஓடி, மறுபுறம் கீழிருந்து வருகின்றன.

எடுத்துக்காட்டு 2

ர = ய / (ய² + 1)

எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் எதிரெண் ஆகாது. ஆகவே ய² + 1 ஒருபோதும் பூச்சியமாகாது. இச்சார்பு எங்கும் தொடர்ச்சியுடையது. பகுதி இருபடிக் கோவையாயின், அதன் தன்மைகாட்டி எதிரெண்ணாக இருக்கிறதா என முதலில் பார்த்துவிட்டால் வீண் உழைப்பு மிச்சமாகும்.

எடுத்துக்காட்டு 3

ர = (ய³ − 2ய² − 5ய + 6) / (ய³ − 7ய + 6)

இங்குக் காரணிகள் உடனே புலப்படமாட்டா. அத்தகைய நேரங்களில் பொதுக் காரணியை மட்டும் தனியே பிரித்தெடுக்க யூக்ளிடின் மீப்பெரு பொதுக் காரணி முறை உதவும். பகுதியிலிருந்து தொகுதியைக் கழித்தால் 2ய² − 2ய, அஃதாவது 2ய(ய − 1) கிடைக்கும். இரண்டிற்கும் பொதுவான காரணி எதுவாயினும் அது இந்த மீதியையும் வகுக்கவேண்டும். ய = 0 எனில் பகுதியின் மதிப்பு 6; ஆதலால் ‘ய’ பொதுக் காரணியன்று. ய = 1 எனில் தொகுதி, பகுதி இரண்டும் பூச்சியம். எனவே பொதுக் காரணி (ய − 1) ஒன்றே.

அதனால் வகுக்க, தொகுதி (ய − 1)(ய + 2)(ய − 3) என்றும், பகுதி (ய − 1)(ய − 2)(ய + 3) என்றும் விரியும். தொடர்ச்சியின்மைப் புள்ளிகள் 1, 2, −3 ஆகிய மூன்று. ய = 1 நீக்கத்தக்கது; அங்கு எல்லையின் மதிப்பு 1.5. ய = 2, ய = −3 ஆகிய இரண்டும் முடிவிலித் தொடர்ச்சியின்மைகள்.

குவிலென்ஸ்: ஓர் ஆய்வகச் சான்று

பள்ளி ஆய்வகத்தில் முடிவிலித் தொடர்ச்சியின்மையைக் கண்ணாலே காணலாம். குவியத் தூரம் 20 செ.மீ. உள்ள குவிலென்ஸின் முன் ‘ப’ செ.மீ. தூரத்தில் ஒரு பொருளை வைத்தால், பிம்பத்தின் தூரம்

வ = 20ப / (ப − 20)

ஆகும். மெய்ப்பிம்பத்தின் தூரத்தை நேர்க்குறியாகக் கொண்டு இவ்வாய்பாடு எழுதப்பட்டுள்ளது. பகுதி பூச்சியமாகும் இடம் ப = 20. அங்குத் தொகுதியின் மதிப்பு 400. ஆகவே அது முடிவிலித் தொடர்ச்சியின்மை.

பொருளை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் பிம்பம் 30 செ.மீ. தூரத்தில் விழும். 40 செ.மீ. எனில் பிம்பமும் 40 செ.மீ. 30 செ.மீ. எனில் 60, 25 எனில் 100, 22 எனில் 220, 21 எனில் 420. பொருளை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும்போது பிம்பம் இரண்டு மீட்டர் ஓடிவிடுகிறது. திரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போகவேண்டியுள்ளது. ப = 20 ஆனதும் கதிர்கள் இணையாக வெளிப்படும்; எந்தத் திரையிலும் பிம்பம் விழாது. ப = 19 எனில் வ = −380; எதிர்க்குறி, பிம்பம் மாயப்பிம்பமாகிவிட்டதைத் தெரிவிக்கிறது. கைலென்ஸைக் கொண்டு பாறைத் துண்டையோ பூச்சியின் காலையோ நோக்கும் ஊழியர், பொருளைக் குவியத்திற்குள் வைத்து, இந்த எதிர்க்குறிப் பக்கத்தையே பயன்படுத்துகிறார்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பெறப்படும். லென்ஸின் குவியத் தூரத்தைக் காணும் சோதனையில், பொருளைக் குவியத்திற்கு மிக அருகில் வைத்து அளத்தல் தகாது. ஏறத்தாழக் குவியத் தூரத்தின் இருமடங்கில் வைத்தால், பொருளின் தூரமும் பிம்பத்தின் தூரமும் ஒத்த அளவினவாக அமைந்து அளவீடு எளிதாகும்.

மலையின் உயரம்: ஒரு களக் கணக்கு

அணுக முடியாத ஒரு மலையுச்சியின் உயரத்தைக் காண, அதனை நோக்கிய ஒரே நேர்கோட்டில், ஒரே மட்டத்தில், 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு நிலையங்கள் அமைக்கப்படுகின்றன என்க. தொலைவில் உள்ள நிலையத்தில் ஏற்றக்கோணத்தின் டாஞ்சென்ட் ‘க’. அருகில் உள்ள நிலையத்தில் ‘ச’. அப்போது கருவியின் மட்டத்திற்கு மேல் உச்சியின் உயரம்

உ = 100 க ச / (ச − க)

ஆகும். ‘க’ 0.50 என்று கண்டபின், ‘உ’ என்பது ‘ச’-வின் விகிதமுறு சார்பாகிறது. ச = 0.50 என்னுமிடத்தில் அதற்கு முடிவிலித் தொடர்ச்சியின்மை உண்டு. அதன் பொருள் வெளிப்படை: இரண்டு நிலையங்களிலும் ஏற்றக்கோணம் ஒன்றாக இருந்தால் நோக்குக் கோடுகள் இணையாகிவிடும்; இணைகோடுகள் எந்த உச்சியிலும் சந்திப்பதில்லை.

‘ச’-வை அளப்பதில் 0.01 அளவு பிழை நேர்ந்தால் விடை எவ்வாறு மாறும் என்பதை மூன்று நிலைகளில் காண்க.

ச = 1.00 எனில் உ = 100 மீட்டர்; ச = 1.01 எனில் 99.0 மீட்டர். வேறுபாடு 1 மீட்டர்.
ச = 0.60 எனில் உ = 300 மீட்டர்; ச = 0.61 எனில் 277.3 மீட்டர். வேறுபாடு ஏறத்தாழ 23 மீட்டர்.
ச = 0.52 எனில் உ = 1,300 மீட்டர்; ச = 0.53 எனில் 883.3 மீட்டர். வேறுபாடு ஏறத்தாழ 417 மீட்டர்.

மூன்றிலும் அளவுப் பிழை ஒன்றே. விடையில் வந்த பிழையோ ஒரு மீட்டரிலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. ‘ச − க’ என்னும் வேறுபாடு பாதியாகும்போது விடையின் பிழை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்று நுண்கணிதத்தால் காட்டலாம். எவ்வளவு கவனமாகக் கருவியை நோக்கினாலும், எத்தனை தசமத் தானங்கள் வரை கணக்கிட்டாலும் இக்குறை நீங்காது. குறை நிலையங்கள் அமைந்த விதத்தில் உள்ளது. அதற்கு மாற்று, நிலையங்களின் இடைவெளியை மிகுத்து, இரு கோணங்களும் நன்கு வேறுபடும்படி செய்வதே. ‘ச’-வின் மதிப்பு ‘க’-வைவிடக் குறைவாக வந்தால் வாய்பாடு எதிர்க்குறி உயரத்தைத் தரும். மேற்கூறிய அமைப்பில் அவ்வாறு நேரமுடியாது. ஆகவே அது அளவீட்டில் பிழை உண்டு என்பதற்கு உறுதியான சான்று.

நில அளவையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் ஒரு விதிக்கும் இதுவே அடிப்படை. முக்கோண அளவையில் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் குறையாமலும் 120 பாகைக்கு மிகாமலும் இருத்தல் நன்று என்று நூல்கள் கூறும். 1802-இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, இந்தியா முழுவதும் விரிந்த மாபெரும் அளவைக்கு அடித்தளமாயிற்று. அத்தகைய பணியில் பயன்படும் வாய்பாடுகளில் கோணங்களின் சைன்கள் பகுதியில் வருவதால் அவை விகிதமுறு சார்புகள் அல்ல. ஆயினும் பகுதி பூச்சியத்தை நெருங்கினால் பிழை பெருகும் என்ற உண்மை அங்கும் அதுவே.

கீழே விழும் கல்: நீக்கத்தக்க புள்ளியின் பயன்

முடிவிலித் தொடர்ச்சியின்மை விலகி நிற்கவேண்டிய இடம் என்றால், நீக்கத்தக்க தொடர்ச்சியின்மை நிரப்பிக்கொள்ள வேண்டிய இடம். ஓய்வு நிலையிலிருந்து விழும் கல், ‘ந’ விநாடிகளில் ஏறத்தாழ 4.9ந² மீட்டர் கடக்கிறது. மூன்றாம் விநாடியின் முடிவிலிருந்து ‘ந’ வரையுள்ள காலத்தில் அதன் சராசரி வேகம்

(4.9ந² − 44.1) / (ந − 3) = 4.9(ந − 3)(ந + 3) / (ந − 3)

ஆகும். ந = 3 என்று நேரே இட்டால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேரிடும்; கடந்த தூரமும் இல்லை, கழிந்த காலமும் இல்லை. ஆனால் பொதுக் காரணி நீங்கியபின் 4.9(ந + 3) எஞ்சுகிறது. அதன் எல்லை விநாடிக்கு 29.4 மீட்டர். மூன்றாம் விநாடியின் முடிவில் கல்லின் கணநேர வேகம் இதுவே. நுண்கணிதத்தின் வகையீடு முழுவதும் இத்தகைய நீக்கத்தக்க புள்ளிகளை நிரப்பும் கலையே என்று கூறினும் மிகையாகாது.

அளந்த எண்கள் பற்றிய எச்சரிக்கை

நீக்கத்தக்க புள்ளி அமைவது, தொகுதியும் பகுதியும் மிகச் சரியாக ஒரே காரணியைக் கொண்டிருப்பதால்தான். கோவையின் எண்கள் அளவீட்டிலிருந்து பெறப்பட்டவையாயின் இந்தச் சரிநுட்பம் கெட்டுவிடலாம். முதல் எடுத்துக்காட்டில் பகுதியிலுள்ள (ய − 3), அளவுப் பிழையால் (ய − 3.01) என்று ஆகிவிட்டதாகக் கொள்க.

ர = (ய − 3)(ய + 2) / (ய − 3.01)(ய + 3)

இப்போது ய = 3 என்னுமிடத்தில் சார்பின் மதிப்பு பூச்சியம்; சற்று அப்பால், ய = 3.01 என்னுமிடத்தில், முடிவிலித் தொடர்ச்சியின்மை. ய = 3.02 எனில் முன்னர் 0.834 ஆக இருந்த மதிப்பு இப்போது 1.668, ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் ய = 4 எனில் முன்னர் 0.857, இப்போது 0.866, வேறுபாடு சிறிதே. ஆகவே, அளந்த எண்களைக் கொண்ட கோவையில் பூச்சியமும் முடிவிலித் தொடர்ச்சியின்மையும் மிக நெருங்கி அமைந்திருப்பின், அவை உண்மையில் ஒரு பொதுக் காரணியின் பிளவோ என ஆராய்தல் வேண்டும். பிளவா அன்றா என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்காது. அளக்கப்படும் பொருளின் இயல்பே தீர்மானிக்கும்.

கணிப்பொறிகளும் இதில் முழுத் துணையாகமாட்டா. பொறி புள்ளிகளை இடைவெளிவிட்டுக் கணித்து அவற்றைக் கோட்டால் இணைக்கிறது. விடுபட்ட ஒற்றைப் புள்ளி இரண்டு கணிப்புகளுக்கு இடையில் அமைந்துவிட்டால், வளைவரை முறிவின்றித் தோன்றும். முடிவிலித் தொடர்ச்சியின்மையின் இருபுறமும் உள்ள புள்ளிகளைப் பொறி இணைத்துவிட்டால், இல்லாத ஒரு செங்குத்துக் கோடு வளைவரையின் பகுதிபோல் தோன்றும். எனவே படத்தை நோக்குமுன் பகுதியின் மூலங்களைக் கையால் கண்டு வைத்தல் நன்று.

ஆசிரியர் கவனத்திற்கு

இப்பாடத்தைக் காரணி நீக்கத்திலிருந்து தொடங்காமல் மதிப்புப் பட்டியலிலிருந்து தொடங்குதல் நலம். 2.9, 2.99, 3.01, 3.1 ஆகியவற்றிற்கு மாணவரே மதிப்புகளைக் கண்டு எழுதுவாராயின், இருவகைப் புள்ளிகளின் வேறுபாடு விதியைக் கூறுமுன்னரே அவருக்கு விளங்கும். வரைபடத்தில் நீக்கத்தக்க புள்ளியை உள்ளீடற்ற சிறு வட்டமாகவும், முடிவிலித் தொடர்ச்சியின்மையைப் புள்ளிகளாலான செங்குத்துக் கோடாகவும் காட்டப் பழக்குக. (ய² − 25) / (ய − 5) என்பதும் ய + 5 என்பதும் ஒன்றா என்ற வினாவை வகுப்பில் எழுப்புக. ஒரே ஓர் எண்ணைத் தவிர மற்றெல்லா எண்களுக்கும் அவை ஒன்றே என்ற விடையை மாணவர் தாமே கூறும்போது பாடம் கைவந்ததாகக் கொள்ளலாம்.

பயிற்சிகள்

கீழ்க்காணும் முதல் நான்கு சார்புகளின் தொடர்ச்சியின்மைப் புள்ளிகளையும் அவற்றின் வகையையும் காண்க.

1. (ய² − 25) / (ய − 5)
2. (ய + 4) / (ய² + 5ய + 4)
3. (ய² + 1) / (ய² + ய + 1)
4. (ய² − 4ய + 4) / (ய² − 4)
5. குவியத் தூரம் 15 செ.மீ. உள்ள குவிலென்ஸின் முன் உள்ள பொருளை 16 செ.மீ.யிலிருந்து 17 செ.மீ.க்கு நகர்த்தினால் பிம்பம் எவ்வளவு நகரும்? 45 செ.மீ.யிலிருந்து 46 செ.மீ.க்கு நகர்த்தினால் எவ்வளவு நகரும்?
6. நிலையங்களின் இடைவெளி 200 மீட்டர்; க = 0.40; ச = 0.80. உச்சியின் உயரம் யாது? ‘ச’ 0.81 என்று தவறாக அளக்கப்பட்டால் விடை எவ்வளவு மாறும்?

விடைகள்

1. ய = 5, நீக்கத்தக்கது; எல்லை 10.
2. ய = −4, நீக்கத்தக்கது; எல்லை −1/3. ய = −1, முடிவிலி.
3. தன்மைகாட்டி −3, எங்கும் தொடர்ச்சியுடையது.
4. ய = 2, நீக்கத்தக்கது; எல்லை 0. ய = −2, முடிவிலி.
5. முதலாவதில் 240 செ.மீ.யிலிருந்து 127.5 செ.மீ.க்கு, அஃதாவது 112.5 செ.மீ. இரண்டாவதில் 22.5 செ.மீ.யிலிருந்து ஏறத்தாழ 22.3 செ.மீ.க்கு மட்டுமே.
6. 160 மீட்டர், ஏறத்தாழ 2 மீட்டர் குறையும்.